மல்லிகாவைக் கேட்டுச் சொல்கிறோம்

“போன்ல நீ மொத ஆளா இருந்துட்டுப் போ! பீலியில எவ வாளி முன்னுக்கு நிக்குதோ, அவதான் முன்னுக்கு!”

“முன்னுக்கு நிக்கிறதே என் வாளிதான்!”

“ஒன் வாளியா? எங்க, ஒம் பேரு எழுதியிருக்கா?”

“ஒம் பேரு மட்டும் எழுதியிருக்கோ?”

இருவர் வாளியிலும் எழுதியிருந்த பெயர் ஒன்றுதான்: ‘ஊவா டிஜிட்டல் மேம்பாட்டு மையம்’. பச்சை வாளி, வெள்ளை எழுத்து, எழுத்துக்குக் கீழே பல்லைக் காட்டும் ஒரு தண்ணீர்த்துளி. பெரியாயி அத்தை வாளியின் பிடியை ஒரு பக்கம் இழுக்க, விஜயலெட்சுமி அதே வாளியின் விளிம்பை மறுபக்கம் இழுக்க, நடுவில் டை கட்டிக்கொண்டு விஜேந்திரன் நின்றான். கையிலிருந்த டெப்லட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

“அத்தே, அக்கா, ஒரே ஒரு நிமிசம். இந்த அனுபவத்துக்கு அஞ்சுல எத்தன நட்சத்திரம் குடுப்பீங்க?”

இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். பீலியில் தண்ணீர் வந்திருந்தால் நிச்சயமாக அவன் தலையில் ஊற்றியிருப்பார்கள். வராதபடியால் வாளியை மட்டும் கவிழ்த்தார்கள். வாளிக்குள்ளிருந்து, “ஒரு நட்சத்திரம்னு போட்டுக்கவா?” என்று கேட்டது.

எங்கள் வீட்டு வாசல் பீலியைப் பார்த்தபடி இருப்பது என் குற்றமில்லை. லயம் என்று இந்த வரிசை வீடுகளைக் கட்டிய வெள்ளைக்காரனைத்தான் கேட்க வேண்டும். வாசலில் உட்கார்ந்தால் கண் தானாக அங்கே போகிறது, காதும் கூடவே போகிறது. ஆகையால் சின்னக்கந்தைத் தேயிலைத் தோட்டத்து மேல்லயத்தில் நடந்த இந்தக் கதையை என்னைவிடச் சரியாகச் சொல்ல ஆளில்லை. சின்னக்கந்தை தெரியாதவர்கள் பதுளையில் பசறை பஸ்ஸில் ஏறி, வளைவுகளில் எப்போது வயிறு புரட்டுகிறதோ அப்போது இறங்கினால் போதும்.

விஜேந்திரன் ஜீவராணியின் மகன். அவள் கொழுந்தெடுத்த காசில் கணினிப் படிப்பு படித்தவன். பதுளையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த மையத்தில் அவனுக்குப் ‘புரொடக்ட் மெனேஜர்’ வேலை கிடைத்தபோது லயமே அதிர்ந்தது. எங்களுக்குத் தெரிந்து மெனேஜர் என்றால் தோட்டத்துத் தொரை. பங்களா, ஜீப், நாய் எல்லாம் கூடவே வரும். அன்று மாலையே முருகையா, கூரைத் தகரம் மாற்றித் தரச் சொல்லி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“எம்மவன் அந்த மாதிரி மெனேஜர் இல்லீங்க. இது வேற,” என்றாள் ஜீவராணி.

“என்னா வேற?”

“அது ஒங்களுக்கு வெளங்காது.”

அவளுக்கும் விளங்கவில்லை என்பதை முகத்திலேயே பார்த்தேன். அவனுக்கும் விளங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. முதல்நாளே அவன் இயக்குநர் இரகுநாதனிடம் போய், “சேர், நான் என்னா செய்யணும்?” என்று கேட்டிருக்கிறான். இயக்குநர் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர். எதைக் கேட்டாலும் எழுந்து நின்று, சபையைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

“தம்பி விஜேந்திரன், இந்த வேலையில நீர்தான் ராசா. எல்லாத்துக்கும் பொறுப்பு நீர். ஆனா ஒருத்தருக்கும் நீர் கட்டளை போடேலாது. மென்பொருள் எழுதுற கஜரூபன் உமக்குக் கீழ இல்ல. படம் கீறுற பிள்ளை கொழும்பில இருக்கிறா, அவவும் உமக்குக் கீழ இல்ல. இங்க தேத்தண்ணி போடுற ஆள்கூட நேரா எனக்குக் கீழதான். அதிகாரம் ஒண்டும் இல்லாம ஆக்களை நடத்திறதுதான் இந்தப் பதவியின்ர திறமை. விளங்குதோ?”

“ஏதாச்சும் பிழைச்சுப் போச்சுன்னா சேர்?”

“அது உம்மட பொறுப்பு.”

“சரியா வந்துட்டா?”

“அது கூட்டு முயற்சி.”

வேறு வேலையென்றால் விஜேந்திரன் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பான். ஆனால் பசறையில் ஜெயந்தினி இருந்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் தம்பையாவின் மகள். இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போனது எப்போதோ நடந்த சங்கதி. தம்பையாவும் தடை சொல்லவில்லை, ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“நெரந்தர நியமனம் கையில வந்ததும் அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். வரலன்னா பண்டாரவளையில ஒரு பேங்க் மாப்பிள கேட்டுக்கிட்டு இருக்காங்க. நான் ஒன்னும் தப்பா சொல்லல தம்பி. நெரந்தரமில்லாத வேலைக்கு நெரந்தரமா ஒரு பிள்ளையக் குடுக்க ஏலாது.”

நியமனத்துக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. மையம் ‘நீர்த்தோழி’ என்று ஒரு ஆப் செய்துகொண்டிருந்தது. அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொழும்பிலிருந்து உதவி வழங்கும் குழு வரும். அவர்கள் பார்த்துத் திருப்திப்பட்டால் விஜேந்திரன் நிரந்தரம். இல்லாவிட்டால் ஜெயந்தினி பண்டாரவளை. இவ்வளவுதான் கணக்கு.

நீர்த்தோழி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மேல்லயம் முழுவதற்கும் தண்ணீர் பிடிக்க ஒரே பீலி. மேலே தொட்டியிலிருந்து வருகிற குழாய் வெடித்து, பாதித் தண்ணீர் தேயிலைக்குப் போய், மீதி நூல்போல எங்களுக்கு வரும். அதற்கு ஒரு வரிசை உண்டு. வரிசையில் ஆள் நிற்பதில்லை, வாளி நிற்கும். விடியுமுன் வாளியை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். நெளிந்த வாளி பெரியாயி அத்தையுடையது, பிடிக்குச் சேலைக்கிழிசல் சுற்றியது விஜயலெட்சுமியுடையது, பெயிண்ட் டின் எங்களுடையது. யாருடைய வாளி எங்கே நிற்கிறதோ அவர் அங்கே நிற்கிறார். வாளியை நகர்த்துவது ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். இந்த ஏற்பாட்டில் சண்டை வராமலில்லை. ஆனால் வந்தால் யாரோடு என்றாவது தெரியும்.

மையத்தில் இதற்கு ‘நிர்வகிக்கப்படாத நீர்க் காத்திருப்பு’ என்று பெயர் வைத்தார்கள்.

தினமும் காலையில் மையத்தில் ஒரு கூட்டம். எல்லோரும் நின்றுகொண்டே பேச வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். இயக்குநருக்கு முழங்கால் வலி, ஆகவே அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். பேச்சு நீள்வதும் அவரிடமிருந்துதான். ஜீவராணி இதைக் கேட்டுவிட்டு, “அட, பெரட்டுத்தானே! நாங்க வெள்ளன எந்திரிச்சுப் போயி வரிசையா நிக்கிறோமே, அதேதான்,” என்றாள்.

“இல்லம்மா. பெரட்டுல கங்காணி எந்த மலைக்குப் போகணும்னு சொல்லுவாரு. இதுல யாரும் எங்கயும் போகச் சொல்றதில்ல.”

அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் நேற்று செய்தது, இன்று செய்யப்போவது, வேலைக்குத் தடையாக இருப்பது ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். கஜரூபன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தினமும் ஒரே பதிலைச் சொல்வான்: “நேற்று எழுதினனான். இண்டைக்கு அதை அழிக்கிறன். தடை, விஜேந்திரன்.”

“நான் என்னா செஞ்சேன்?”

“நீ தினமும் வந்து சனம் என்ன சொல்லுது எண்டு சொல்லுறாய். சனம் சொல்லுறதைக் கேட்டா நான் எப்பிடி எழுதி முடிக்கிறது?”

சனத்தைக் கேட்டுவரச் சொன்னதும் அவர்கள்தான். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஐந்தாவது ‘ஏன்’னில்தான் மனிதரின் ஆழமான தேவை வெளியே வருமாம். விஜேந்திரன் இதைப் பெரியாயி அத்தையிடம் சோதித்துப் பார்த்தான். சோதிப்பதற்கு அவன் தேர்ந்தெடுத்த நேரம், அத்தை மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்த நேரம்.

“அத்தே, ஒங்களுக்கு ஏன் தண்ணி வேணும்?”

“சோறாக்க.”

“ஏன் சோறாக்கணும்?”

“திங்க.”

“ஏன் திங்கணும்?”

அத்தை கூடையை இறக்கி வைத்தாள். “நாளைக்கு மலைக்குப் போக.”

“ஏன் மலைக்குப் போகணும்?”

“ஒன்னயப் போல படிச்சவனுக்கெல்லாம் தேத்தண்ணி வேணுமில்ல, அதுக்கு!”

“ஏன்…”

“ஏ ஜீவராணி! இங்க வாடி! ஒம்மவனுக்கு யாரோ என்னமோ வச்சுட்டாங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போயி மந்திரிச்சு விடு!”

ஐந்தாவது பதில் இதுதான் என்பதால் அவன் இதையே எழுதிக் கொடுத்தான். அடுத்த அறிக்கையில், ஆப்பைப் பயன்படுத்தப்போகிற எங்களைக் குறித்து, ‘பாவனையாளர்கள் குடும்பத்தை மையமாகக் கொண்ட முழுமையான மனநலச் சேவையைக் கோருகின்றனர்’ என்று வந்தது.

உண்மையில் லயத்தில் யாரைக் கேட்டாலும் சொன்னது ஒன்றுதான்: வெடித்த குழாயை மாற்றித் தாருங்கள். விஜேந்திரனும் அதைக் கூட்டத்தில் சொன்னான். இயக்குநர் முழங்கால் வலியையும் மறந்து எழுந்தார்.

“தம்பி, குழாய் எண்டுறது ஒரு தீர்வு. தீர்விலயிருந்து தொடங்கிறவன் தோத்துப் போவான். நாங்கள் பிரச்சினையைக் காதலிக்க வேணும். நான் இந்தத் தண்ணிப் பிரச்சினையை எத்தின வருசமாக் காதலிக்கிறன் தெரியுமோ? ஒருநாள்கூட அதுக்கு ஒரு தீங்கு செய்ய எனக்கு மனம் வந்ததில்ல.”

இந்த இடத்தில்தான் மல்லிகா வந்தாள்.

கொழும்பில் படம் கீறும் பெண் அனுப்பி வைத்திருந்தாள். மல்லிகா, வயது முப்பத்துநான்கு, தோட்டத்தொழிலாளி. புதியவற்றை முயன்று பார்ப்பதில் ஆர்வம். இரண்டு போன்கள். ஓய்வுநேரத்தில் வாசிப்பு. படத்தில் கண்ணாடி போட்டு, ஜன்னலோரம் சாய்ந்து, கையில் வெள்ளைக் கோப்பை வைத்திருந்தாள். இப்படி ஒருத்தி உலகத்தில் இல்லை. ஆப் யாருக்காகச் செய்யப்படுகிறது என்று மறக்காமலிருக்க உண்டாக்கிய கற்பனைப் பெண். படத்தைப் பெரிதாக அச்சடித்து மையத்தின் சுவரில், சாமிப்படம் மாட்டும் உயரத்தில் மாட்டினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் பேச்சு எடுபடவில்லை. ‘எழுத்து சின்னதா இருக்கு, வாசிக்க ஏலாது’ என்று முருகையா சொன்னதை விஜேந்திரன் கொண்டுபோனான்.

“மல்லிகாவுக்கு வாசிப்பெண்டா உயிர்,” என்றார் இயக்குநர்.

“எங்க லயத்துல பாதிப்பேருகிட்ட நல்ல போன் இல்ல சேர்.”

“மல்லிகாட்ட ரெண்டு இருக்கு.”

“சேர், நெசமான ஆளுங்க…”

“நிசமான ஆக்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுவினம். மல்லிகா ஒருநாளும் மாத்திக் கதைச்சதில்ல. எதுக்கும் மல்லிகாவைக் கேட்டுச் சொல்லுவம் எண்டு அவையளுக்குச் சொல்லும்.”

மையத்தின் வழக்கப்படி மல்லிகாவைப் பற்றி நினைப்பது விஜேந்திரனின் பொறுப்பு. பாவம், அவனும் நினைத்தான். காலையில் பீலிக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசுவான்: “மல்லிகா எத்தன மணிக்கு முழிப்பான்னு தெரியணும்… இல்ல, அந்த நெறம் மல்லிகாவுக்குப் புடிக்காது… மல்லிகா வேணாம்னா எனக்கும் வேணாம்…”

இதைக் கேட்டது நான் ஒருத்திதான். நான் விஜயலெட்சுமியிடம் மட்டுமே சொன்னேன், அதுவும் ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று சொல்லித்தான் சொன்னேன். விஜயலெட்சுமியின் அக்காள் மகள் தம்பையா கடையில் பொத்தான் தைக்கிறாள் என்பது அப்போது என் நினைவிலேயே இல்லை. அந்த வாரக் கடைசிக்குள் பசறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: விஜேந்திரன் மல்லிகா என்று ஒருத்தியோடு தொடுப்பு, வயதில் மூத்தவள், கண்ணாடி போட்டவள், கோப்பையும் கையுமாக இருப்பவள், ஆபீஸ் சுவரிலேயே படம் மாட்டியிருக்கிறது.

ஜெயந்தினி போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டாள். விஜேந்திரனுக்குக் காரணம் தெரியவில்லை. ஒருவேளை போன் எழுத்து சின்னதோ என்று நினைத்தானாம்.

இதற்கிடையே ஆப் பரீட்சைக்கு வந்தது. வீட்டிலிருந்தபடியே ஒரு பொத்தானை அமுக்கினால் பீலி வரிசையில் இடம் கிடைக்கும். நல்ல யோசனைதான். ஒரேயொரு சங்கடம், எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. கோவிலுக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் வரும். பாறைக்குப் போகும் வழி பீலியைத் தாண்டித்தான் போகிறது. ஆகவே பீலிக்கு வராமலே தண்ணீர் எடுப்பதற்காகச் சனமெல்லாம் பீலியைத் தாண்டிப் பாறைக்கு ஏறியது. பாறையில் ஒரே நேரத்தில் நாலு பேர்தான் நிற்கலாம். மற்றவர்கள் கீழே காத்திருந்தார்கள். காத்திருக்கக் கால் வலித்ததால், பாறையடியில் தங்கள் தங்கள் வாளியை வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வரிசையில் சேர்வதற்கு ஒரு வரிசை.

பீலியடியில் வைக்க வாளி இல்லாமல் போய்விட்டது என்று விஜேந்திரன் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது இயக்குநர் கைதட்டினார். “முந்தி ஒரு வரிசை. இப்ப ரெண்டு. பாவனை இரட்டிப்பு! அதோட இன்னொண்டும் விளங்குது. சனத்திட்ட வாளி காணாது.”

அப்படித்தான் பச்சை வாளிகள் வந்தன. வீட்டுக்கு ஒன்று, இலவசம். பழைய வாளிகளை ‘நேற்றைய மலையகம்’ என்று கண்காட்சி வைக்க லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் விடியுமுன் பீலியடியில் நின்ற வாளிகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே பச்சை, ஒரே எழுத்து, ஒரே பல்லிளிப்பு. எது யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது. யாருடையதோ வாளியை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோக, அதைத் தேடிக்கொண்டு வேறு யாரோ போக, லயத்தில் அதுவரை பேசாமலிருந்தவர்கள்கூட ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் புகுந்து வெளியே வந்தார்கள். எனக்குத்தான் வாசலில் உட்கார்ந்து பார்க்கக் கண் போதவில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன சண்டை அந்தக் காலையில்தான் நடந்தது. அடுத்தநாள் வெளியீட்டு விழா.

விழாவைப் பீலிக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டு வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் ஆளுயர மல்லிகா, கையில் கோப்பையோடு. “இவ எந்த லயம்?” என்று தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொழும்புக் குழுவின் தலைவி ஸகீனா மேடம் முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். கடிதங்களெல்லாம் ஆங்கிலத்தில் வந்திருந்தபடியால், அவர் ஆங்கிலத்திலேயே பிறந்தவர் என்று இயக்குநர் முடிவு செய்திருந்தார். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் ஒருமுறை முழங்கி, ஆங்கிலத்தில் இன்னொருமுறை முழங்கினார்.

“தோட்ட மக்கள் தண்ணிக்குக் காத்திருக்கினம். உண்மை. ஆனா ஒழுங்காக் காத்திருக்கினமோ? இல்லை! எங்கட நிறுவனம் தண்ணி தரேல்ல. தண்ணி தாறது ஆரும் செய்யிற வேலை. நாங்கள் காத்திருப்புக்கு ஒரு கௌரவம் தந்திருக்கிறம்!”

முதல்வரிசையிலிருந்து மையத்து ஆட்கள் கைதட்டியபோது, பந்தலுக்குப் பின்புறமிருந்து ஒரு குரல் கேட்டது.

“யாருங்க அந்த மல்லிகா?”

தம்பையா. பசறையிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்து வந்திருந்தார். பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு உடுத்துகிற சேலையில் ஜெயந்தினி, சண்டைக்கு வந்த முகத்தோடு.

இயக்குநருக்குக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. “நல்ல கேள்வி, ஐயா! மல்லிகாதான் எங்கட உயிர். எங்கட விஜேந்திரனைக் கேட்டுப் பாருங்கோ. காலமை எழும்பினா மல்லிகா, பின்னேரம் படுத்தா மல்லிகா. மல்லிகாவுக்கு என்ன பிடிக்கும், மல்லிகா எப்ப சிரிப்பா, இதைத் தவிர இந்தப் பிள்ளைக்கு வேற நினைப்பில்ல. மல்லிகாவுக்காக அவர் பெத்த தாயின்ர பேச்சையே தள்ளி வச்சவர்!”

“அட பாவி!” என்றார் தம்பையா. பெரியாயி அத்தையும் முந்தியநாள் பகையை மறந்து விஜயலெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் நிற்பதற்கு வசதியாக ஒரு பச்சை வாளியைக் கவிழ்த்து ஏறிக்கொண்டேன்.

“அந்தப் பொம்பளைய வெளிய கூப்புடுங்க! நான் ரெண்டு வார்த்த கேக்கணும்!”

“அவவைக் கூப்பிடேலாது, ஐயா. மல்லிகா எண்டு ஒருத்தர் இல்ல.”

“இல்லையா? செத்துட்டாளா?”

விஜேந்திரன் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான். ஜெயந்தினிக்குக் கேட்கும்படி மட்டும் பேசுவதாக நினைத்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான்.

“ஜெயா, சாமி சத்தியமா அப்படி ஒருத்தியே இல்ல. படத்துல இருக்கிறவ எந்த நாட்டுக்காரின்னுகூட எனக்குத் தெரியாது. ஆப் செய்றதுக்காகச் சும்மா உண்டாக்குன ஆளு.”

“இல்லாத ஒருத்திக்காகவா ராவு பகலா யோசிச்சீங்க?”

“அதுக்குத்தான் சம்பளம் தாறாங்க.”

ஜெயந்தினி படத்தைப் பார்த்தாள், இயக்குநரைப் பார்த்தாள், இவன் கழுத்தில் கோணலாகக் கிடந்த டையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஸகீனா மேடம் எழுந்து, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இயக்குநரின் முகம் வெளுத்தது. கஜரூபன் எங்களுக்குச் சொன்னான்: “மல்லிகாவைச் சந்திக்க வேணுமாம். அறிக்கை முழுக்க மல்லிகா மல்லிகா எண்டு எழுதியிருக்கிறம். ஆரெண்டு பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தவவாம்.”

இயக்குநர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, “தம்பி விஜேந்திரன், இது உம்மட பொறுப்பு,” என்றார்.

விஜேந்திரன் நின்ற நிலையைப் பார்த்திருந்தால் கல்லும் உருகியிருக்கும். மல்லிகா இல்லையென்றால் அறிக்கை பொய், அறிக்கை பொய்யென்றால் நியமனம் இல்லை, நியமனம் இல்லையென்றால் பண்டாரவளை. பக்கத்தில் நின்ற ஜெயந்தினிக்கும் அந்தக் கணக்கு அதே வேகத்தில் ஓடியிருக்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மேடைக்குப் போனாள்.

“நான்தாங்க மல்லிகா.”

தம்பையா வாயைத் திறந்தார். ஜீவராணி தன் கையால் அதை மூடினாள்.

ஸகீனா மேடம் படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூக்கைத் தொட்டுக் கண்ணாடி எங்கே என்று சைகை காட்டினார்.

“தண்ணிக்கு வரும்போது கழட்டி வச்சிருவேங்க. வரிசையில ஒடஞ்சிரும்.”

அடுத்து மேடம் ஆங்கிலத்தில் கேட்டதை இயக்குநர் தமிழாக்கினார்: நீர்த்தோழி மல்லிகாவின் வாழ்க்கையை எப்படி மாற்றியது?

“ரொம்ப மாத்திருச்சுங்க. முந்தி தண்ணி வரலன்னா பீலிக்குப் போய்த்தான் தெரிஞ்சுக்கணும். இப்ப பாறைக்குப் போயும் தெரிஞ்சுக்கலாம்.”

பாறைக் கதையும் பொத்தான் தைக்கிறவள் வழியாகப் பசறைக்குப் போயிருக்க வேண்டும். இயக்குநர் இதை ஆங்கிலத்தில் நெடுநேரம் சொன்னார். அவள் சொன்னதைவிட அது வெகு நீளமாக இருந்தது.

“மல்லிகாவுக்கு இன்னும் என்ன தேவை?”

“கொழாய்.”

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினார். நிலைபேறான நீர் விழிப்புணர்வுக்கான இரண்டாம் கட்டத் திட்டமொன்றை மல்லிகா எதிர்பார்க்கிறாள் என்று சொன்னாராம்.

“அவங்க கொழாய்னுதானே சொன்னாங்க?” என்றார் ஸகீனா மேடம், எங்களைவிடத் தெளிவான தமிழில். “அது எனக்கே வெளங்கிச்சே. எந்தக் கொழாய் தங்கச்சி?”

இயக்குநர் நாற்காலியைத் தேடினார். முழங்கால் வலி என்றார்.

அதற்குப் பிறகு பேச ஜெயந்தினிக்கு இடம் கிடைக்கவில்லை. லயம் மொத்தமும் மேடைக்கு ஏறி, வெடித்த இடம் எங்கே, எவ்வளவு நாளாக, எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று ஒரே குரலில் சொன்னது. இதையெல்லாம் இத்தனை நாளும் ஏன் மையத்துக்குச் சொல்லவில்லை என்று மேடம் கேட்டார். விஜேந்திரன் தான் சொன்னதாகச் சொன்னான். மேடம் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்.

“சனம் சொன்னதுதான் மேடம்,” என்றார் இயக்குநர். “ஆனா மல்லிகா சொல்லேல்ல.”

“இப்ப சொல்லிட்டாங்களே.”

மல்லிகா சொல்லைத் தட்டும் வழக்கம் மையத்தில் கிடையாது. அந்த மாதத்திலேயே குழாய் மாற்றினார்கள். காலையில் தொடங்கிய வேலை மத்தியானச் சோற்றுக்கு முன்னால் முடிந்தது. பீலியில் வந்த தண்ணீரின் வேகத்தில் பெரியாயி அத்தையின் வாளி கையைவிட்டுத் துள்ளியது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வரிசை ஒழிந்தது. பாறையில் ஆடுகள் மட்டும் ஏறின. நீர்த்தோழியை ஒருவரும் தொடவில்லை.

மையத்தில் இரங்கல் கூட்டம் நடந்ததாகக் கஜரூபன் சொன்னான். அன்றைக்கு இயக்குநரும் எழுந்து நின்றாராம். “எங்கட பிரச்சினையை நாங்கள் இழந்திட்டம்,” என்று சொன்னபோது அவருக்குக் குரல் உடைந்துவிட்டதாம். புரொடக்டின் பாவனை பூச்சியத்துக்கு வந்ததற்கு யார் பொறுப்பு என்று கேள்வி எழுந்தது. எல்லாத்துக்கும் யார் பொறுப்போ அவர்தான். விஜேந்திரனுக்கு நிரந்தர நியமனம் மறுக்கப்பட்டது. தற்காலிக நியமனமும் அந்த மாதத்தோடு முடிந்தது.

ஆனால் ஸகீனா மேடம் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேடையில் பேசிய அந்தப் பிள்ளையைப் போல ஒருவர் மையத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் நாங்கள் வருவது சந்தேகம் என்று. நியமனக் கடிதம் பசறைக்குப் பறந்து வந்தது. தம்பையா அதைத் தையல் கடை வெளிச்சத்தில் பிடித்து முத்திரை ஈரமில்லாமல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.

“நெரந்தர நியமனம் வந்தா கல்யாணம்னு நீங்கதானே சொன்னீங்கப்பா? யாருக்குன்னு சொன்னீங்களா?” என்றாள் ஜெயந்தினி.

தம்பையா பேச்சு மாறாத மனிதர். அடுத்த முகூர்த்தத்தில் பசறையில் கல்யாணம் நடந்தது. வந்தவர்களுக்கு மூன்று வகைப் பாயாசம், பந்தியிலும் வரிசை இல்லை. எங்கள் லயத்திலிருந்து எல்லோரும் ஒரே மாதிரிப் பச்சை வாளி பரிசாகக் கொண்டுபோனோம்.

கல்யாணத்துக்குப் பிறகு மையம் மொனராகலையில் கிளை திறந்தது. அங்கே வெயில் அதிகம், தண்ணீர் அதைவிடக் குறைவு; இயக்குநர் போய்ப் பார்த்துவிட்டு மனம் கரைந்து திரும்பினார். ஜெயந்தினிக்கு அங்கே இடமாற்றம் கிடைத்தது. விஜேந்திரனும் கூடப் போய், டவுனில் ஒரு கடையில் பிளாஸ்டிக் குழாய் விற்கிறான். நல்ல வியாபாரமாம். டையைக் கழற்றிவிட்டான். ஜீவராணி இப்போதும் “எம்மவன் மெனேஜரு” என்றுதான் சொல்கிறாள், கேட்பவர்களும் இப்போது விளக்கம் கேட்பதில்லை. கஜரூபன் கொழும்பில் படம் கீறும் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டான். இருவரும் அதுவரை ஒருவரையொருவர் தடை என்றுதான் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். விஜயலெட்சுமியின் மூத்தவளைப் பெரியாயி அத்தையின் தம்பி மகனுக்குப் பேசியிருக்கிறார்கள். வாளி தேடிப்போன வீட்டில் பழக்கம் ஏற்பட்டது என்கிறார்கள். நான் பார்த்தவரை முதல் இரண்டு தடவைதான் அவன் வாளி தேடிப் போனான்.

மல்லிகாவின் பாடுதான் மையத்துக்குச் சிக்கலாகிப் போனது. ஜெயந்தினியின் நியமனம் அடையாள அட்டையின்படி அவள் சொந்தப் பெயரில்தான் போட முடிந்தது. அப்படியானால் மல்லிகா எங்கே என்று கொழும்பு கேட்குமல்லவா? ஆண்டறிக்கை வந்தபோது பார்த்தேன். மல்லிகா திருமணமாகி வெலிமடைக்குக் குடிபோய்விட்டாள் என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு உருளைக்கிழங்குத் தோட்டமாம், சொந்த லொறியாம், இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிறார்களாம். இருக்கட்டும், நல்லது. ஆனாலும் இத்தனை நாள் எங்கள் தலையில் உட்கார்ந்திருந்தவள், போகும்போது பக்கத்து வீடென்று ஒரு பத்திரிகை வைத்திருக்கலாம்.